டெல்லிக்குக் குழுவாகப் போகிறீர்களா? டிக்கெட் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

குடியிருப்புச் சங்கம், கோயில் குழு, ஓய்வு பெற்ற அலுவலக நண்பர்கள் என்று இருபது முப்பது பேர் சேர்ந்து, டூர் கம்பெனி இல்லாமல் தாங்களே தலைநகரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி ஒரு குழுவின் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, இதெல்லாம் ஒரே இடத்தில் எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. சென்னையிலிருந்து ரயிலில் போவதாக வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். வேறு ஊர்க்காரர்கள் கிழமைகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் மாதம், அப்புறம் திங்கட்கிழமை

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிய போவதுதான் நல்லது. குளிர் குறைந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. குடியரசுத் தலைவர் மாளிகையின் தோட்டமான அம்ரித் உத்யானும் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். முன்பு முகல் தோட்டம் என்றார்களே, அதேதான். இது தவறினால், தீபாவளிக்கு முன் அக்டோபர்.

தவிர்க்க வேண்டிய காலங்கள் சில உண்டு. மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும், வயதானவர்களை அழைத்துப் போகவே கூடாது. தீபாவளிக்குப் பிறகு புகைமூட்டம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். ஜனவரி நடுவிலிருந்தே குடியரசு தின ஒத்திகைக்காக இந்தியா கேட்டுக்கும் குடியரசுத் தலைவர் மாளிகைக்கும் நடுவிலுள்ள கர்தவ்ய பாதையைச் சுற்றியுள்ள சாலைகளை அடிக்கடி மூடுவார்கள். ஆகஸ்ட் 15க்கு முந்தைய நாட்களில் செங்கோட்டைக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. பள்ளி விடுமுறைதானே என்று மே மாதத்தையோ டிசம்பரையோ பிடிக்கிற குழுக்கள்தான் அதிகம் அவதிப்படுகின்றன.

மாதம் முடிவானதும் கிழமையைப் பாருங்கள். திங்கட்கிழமை டெல்லியில் பாதி ஊர் பூட்டியிருக்கும். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், பிரதமர்கள் அருங்காட்சியகம், காந்தி கடைசி நாட்களைக் கழித்த வீடான காந்தி ஸ்மிருதி, அக்ஷர்தாம் கோயில், தாமரைக் கோயில், குடியரசுத் தலைவர் மாளிகை என எல்லாவற்றுக்கும் அன்றுதான் விடுமுறை. குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, இந்தியா கேட் போன்றவை எல்லா நாளும் உண்டு.

எனக்குப் பிடித்த கணக்கு இது: ஞாயிறு இரவு சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் திங்கட்கிழமை முழுக்க ரயிலிலேயே போய்விடும். செவ்வாய் காலை புது டெல்லியில் இறங்கலாம். சனி இரவு அதே வண்டியில் திரும்பினால் திங்கள் காலை சென்னை. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார விடுப்பு போதும், டெல்லியில் ஒரு நாளும் வீணாகாது. ஆக்ராவும் வேண்டும் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். தாஜ் மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதற்காகச் சனிக்கிழமையை ஆக்ராவுக்குக் கொடுக்காதீர்கள், இரவு ரயிலைத் தவறவிடுவீர்கள். பயணத்தை ஒரு நாள் நீட்டுங்கள், இல்லையென்றால் ஆக்ராவை விட்டுவிடுங்கள்.

2. பணம் வாங்கிய பிறகுதான் தலையை எண்ண வேண்டும்

வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள் எல்லாம் வருகிறவர்கள் இல்லை. ரயில் கட்டணமும் ஓர் இரவு அறை வாடகையும் சேர்ந்த தொகையை முன்பணமாக வாங்குங்கள். அதைக் கொடுத்தவர்தான் பட்டியலில் இருப்பார். விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை பணம் வாங்கும் முன்பே குழுவில் எழுதிப் போடுங்கள். சொந்தக்காரர்கள்தானே, இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று கூச்சமாக இருக்கும். சொந்தக்காரர்கள் என்பதால்தான் எழுத வேண்டும்.

வரவு செலவை ஒருவரும் டிக்கெட்டுகளை இன்னொருவரும் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டையும் ஒரே ஆள் தூக்கினால் அவர் டெல்லியைப் பார்க்கப் போவதில்லை.

எண்ணிக்கை 24 என்றால் ரயில் டிக்கெட் எடுக்க வசதி. ஏன் என்பது நான்காம் பகுதியில் தெரியும்.

3. ஆவணங்களை ஒரே பட்டியலாக்குங்கள்

இந்த வேலையை ஒரு தடவை ஒழுங்காகச் செய்துவிட்டால் மற்ற எல்லா இடத்திலும் அதையே நகலெடுத்து ஒட்டலாம். ஒவ்வொருவருக்கும் இவை வேண்டும்: அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர், வயது, பாலினம், அட்டை எண், கைபேசி எண், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய வீட்டு எண், சாப்பிடும் மருந்துகள்.

பெயரில்தான் சிக்கல் வரும். நம் ஊரில் முதலெழுத்து ஆதாரில் முன்னால் இருக்கும், வாக்காளர் அட்டையில் பின்னால் இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். எந்த அட்டையைப் பயணம் முழுக்கக் காட்டப் போகிறார்களோ அதை மட்டும் வைத்து எல்லா முன்பதிவும் செய்யுங்கள். அந்த அட்டையின் அசலைக் கையில் எடுத்துவரச் சொல்லுங்கள். கைபேசியில் உள்ள புகைப்படத்தை எல்லா வாயிலிலும் ஏற்க மாட்டார்கள்.

குழந்தைகளுக்கு ஆதார் இருந்தால் போதும். பல இடங்களில் வயதுக்கேற்ப கட்டணம் மாறுவதால், வயதைக் காட்ட ஏதாவது ஒன்று கண்டிப்பாக வேண்டும்.

குழுவில் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினர்கள் இருந்தால் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொல்லியல் துறை இடங்களில் இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டினர் என்ற முறையில் இந்தியர்களுக்கான கட்டணமே. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை உள்ளவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் அட்டை கையில் இருக்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர்கள் வெளிநாட்டினர் கட்டணம்தான் கட்டியாக வேண்டும். நமக்கு 40 ரூபாய் என்றால் அவர்களுக்கு 600. வாயிலில் நின்று முறையிட்டுப் பயனில்லை.

4. ரயில் டிக்கெட்

முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. முன்பிருந்த 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது, பழைய நினைப்பில் இருக்காதீர்கள். திறக்கும் நாளில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கே ஐஆர்சிடிசியில் முன்னுரிமை. அதனால் டிக்கெட் எடுக்கப் போகிறவர்கள் தங்கள் கணக்கில் ஆதாரை முன்பே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் 6 பேர். 24 பேர் என்றால் நான்கு டிக்கெட். நான்கு பேர் நான்கு கணக்குகளில் காலை 8 மணிக்கு ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் பெரும்பாலும் ஒரே பெட்டியிலோ பக்கத்துப் பெட்டியிலோ இடம் கிடைத்துவிடும். ஒருவரே வரிசையாக நான்கையும் எடுக்க நினைத்தால் மூன்றாவது டிக்கெட்டிலேயே காத்திருப்புப் பட்டியல் ஆரம்பித்திருக்கும்.

கீழ்ப் படுக்கை பற்றி ஒரு நுணுக்கம். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் அவர்கள் தனியாகவோ இருவராகவோ ஒரு டிக்கெட்டில் இருந்தால்தான் அது கிடைக்கும். பேரன் பேத்தியோடு சேர்த்து ஆறு பேராகப் போட்டால் போய்விடும். மூட்டு வலிக்காரர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்துத் தனி டிக்கெட் போடுங்கள். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. இன்னும் பலர் அதை எதிர்பார்த்தே பட்ஜெட் போடுகிறார்கள்.

கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லை என்றால் அந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரை ஏற்ற முடியாது. பெயர் மாற்றம் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன் மனைவி இவர்களுக்குள் மட்டும்தான், அதுவும் 24 மணி நேரத்துக்கு முன் எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளி, கல்லூரிக் குழுக்களுக்கு விதி கொஞ்சம் தாராளம். நிறுவனத் தலைவர் 48 மணி நேரத்துக்கு முன் கடிதம் கொடுத்தால் குழுவில் பத்து சதவீதம் வரை பெயர் மாற்றலாம்.

செலவு: சென்னையிலிருந்து ஸ்லீப்பரில் ஒரு வழிக்கு ஆயிரத்துக்குள் அடங்கும். மூன்றடுக்கு ஏசி இரண்டாயிரத்துக்குச் சற்று மேல். இரண்டு இரவும் நடுவில் ஒரு பகலும் ரயிலில். மத்திய இந்தியாவின் பகல் வெயிலை யோசித்தால் ஏசிக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

இறங்கும் நிலையத்தின் பெயரை இரண்டு தடவை படியுங்கள். புது டெல்லி, ஹஸ்ரத் நிஜாமுதீன், பழைய டெல்லி, ஆனந்த் விஹார் எல்லாம் தனித்தனி நிலையங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது டெல்லிக்கும், கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீனுக்கும் போகின்றன. வண்டிக்காரரிடம் தவறான நிலையத்தைச் சொன்னால் விடியற்காலையில் தொலைபேசியிலேயே ஒரு மணி நேரம் போகும்.

விமானம் என்றால், இணையத்தில் ஒரு தடவைக்கு 9 பேர்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ என்றால் விமான நிறுவனத்தின் குழு முன்பதிவுப் பிரிவிடம் கேளுங்கள். விலை எப்போதும் குறைவாக இருக்காது, ஆனால் பெயர்ப் பட்டியலைப் பின்னால் கொடுக்கும் வசதி கிடைக்கும்.

5. குடியரசுத் தலைவர் மாளிகை: இதன் தேதிதான் அச்சாணி

மற்ற இடங்களில் வரிசையில் நின்றாவது நுழைந்துவிடலாம். இங்கே இணையத்தில் முன்பதிவு செய்யாமல் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. ரயில் டிக்கெட் உறுதியானதும் அடுத்த வேலை இதுதான். மாளிகையின் அதிகாரபூர்வ வருகைப் பதிவுத் தளத்தில் குழுத் தலைவர் தன் எண்ணைப் பதிந்து, ஒவ்வொருவரின் பெயரையும் அடையாள எண்ணையும் உள்ளிட வேண்டும். மூன்றாம் படியில் தயாரித்த பட்டியல் இங்கே கை கொடுக்கும்.

பிரதான கட்டடம் ஒரு சுற்று, அருங்காட்சியகம் இன்னொரு சுற்று. இரண்டுக்கும் தனித்தனி பதிவு, தனித்தனி நேரம், ஆளுக்கு 50 ரூபாய் வீதம் தனித்தனி கட்டணம். ஒன்றைப் பதிந்துவிட்டு இரண்டும் ஆயிற்று என்று நினைத்துப் போகிறவர்கள் ஏராளம். நேரம் குறைவு என்றால் பிரதான கட்டடத்தை எடுங்கள். பதிவுச் சீட்டில் எந்த வாயில் என்று போட்டிருக்கும். மாளிகை வளாகம் மிகப் பெரியது, தவறான வாயிலில் இறங்கினால் நடந்து போய் நேரத்தைப் பிடிக்க முடியாது. அரை மணி நேரம் முன்னதாக அங்கே இருங்கள். பைகளையும் கைபேசியையும் வெளியே ஒப்படைக்க வேண்டியிருக்கும். அரசு விடுமுறை நாட்களையும், வெளிநாட்டுத் தலைவர்கள் வரும் நாட்களையும் செய்தியில் பார்த்து வையுங்கள்.

நாடாளுமன்றம் வேறு கதை. அவை நடக்கும்போது பார்வையாளர் மாடத்தில் உட்கார உங்கள் தொகுதி எம்.பி.யின் பரிந்துரை வேண்டும். 2023 டிசம்பரில் மாடத்திலிருந்து இருவர் அவைக்குள் குதித்த பிறகு கெடுபிடி அதிகம். பத்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை. எம்.பி. அலுவலகத்துக்கு ஒரு மாதம் முன்பே கடிதமும் பட்டியலும் கொடுங்கள். கிடைத்தால் மகிழ்ச்சி, ஆனால் அதை நம்பி ஒரு நாளை ஒதுக்காதீர்கள்.

6. மற்ற இடங்களின் டிக்கெட்

குதுப் மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் இந்தியர்களுக்கு நேரில் 40 ரூபாய், இணையத்தில் எடுத்தால் 35. பதினைந்து வயதுக்குள் இலவசம். ஐந்து ரூபாய் மிச்சம் பெரிதல்ல, வரிசை மிச்சம்தான் பெரிது. செங்கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகங்களுக்கும், ஹுமாயூன் கல்லறை வாசலில் 2024இல் திறந்த அருங்காட்சியகத்துக்கும் தனிக் கட்டணம். குழுவில் யாருக்கு வேண்டும் என்று முதல் நாள் இரவே கேட்டுவிடுங்கள், வாசலில் வாக்கெடுப்பு நடத்தாதீர்கள்.

தேசிய அருங்காட்சியகத்துக்கு 20 ரூபாய். மொகஞ்சதாரோவின் நடன மங்கையும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் இங்கே இருக்கின்றன. பெரும்பாலான குழுக்கள் இதற்கு ஒரு மணி நேரம் கொடுக்கின்றன. அரை நாள் கொடுங்கள். வேண்டுமானால் தாமரைக் கோயிலைத் தியாகம் செய்யலாம், வரிசையில் நிற்கும் நேரத்துக்கு அங்கே பார்ப்பது குறைவு என்பது என் கருத்து.

இந்தியா கேட், தேசியப் போர் நினைவகம், காந்தி நினைவிடமான ராஜ்காட், காந்தி ஸ்மிருதி எல்லாம் இலவசம். அக்ஷர்தாமுக்கு நுழைவு இலவசம், உள்ளே காட்சிகளுக்குக் கட்டணம். அங்கே கைபேசி, பை, கேமரா எதுவும் போகாது. ஒப்படைக்க ஒரு வரிசை, வாங்க ஒரு வரிசை. எல்லாவற்றையும் வண்டியிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போனால் ஒரு மணி நேரம் மிச்சம். கைபேசி இல்லாமல் உள்ளே பிரிந்தவர்கள் எங்கே எத்தனை மணிக்குச் சேர வேண்டும் என்பதை நுழையும் முன் சொல்லிவிடுங்கள்.

குதுப் மினாரில் ஏறலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். 1981க்குப் பிறகு யாரையும் ஏற விடுவதில்லை.

7. தங்குமிடம்

பஹார்கஞ்ச் ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது, மலிவு, சத்தம் அதிகம். கரோல் பாக் சற்று விலை கூடுதல், குடும்பத்தோடு தங்க ஏற்றது, மெட்ரோ பக்கத்திலேயே. குழுவுக்கு கரோல் பாக்கைத்தான் சொல்வேன்.

ரயில் காலையில் இறக்கிவிடும், அறை நண்பகலில்தான் கிடைக்கும். இதை யாரும் யோசிப்பதில்லை. இரண்டு மூன்று அறைகளை மட்டும் முந்தைய இரவிலிருந்தே எடுத்துவிடுங்கள். எல்லாரும் முறை வைத்துக் குளித்துக் கிளம்பலாம். திரும்பும் நாளிலும் அதே ஏற்பாடு வேண்டும், இரவு ரயில் வரை மூட்டைகளை வைக்க ஓர் இடம் வேண்டுமே. லிஃப்ட் உண்டா, வெந்நீர் எத்தனை மணி நேரம் வரும், பெரிய வண்டி வாசல் வரை வருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

8. வண்டியும் மெட்ரோவும்

வண்டிகள் பெரும்பாலும் எட்டு மணி நேரம், 80 கிலோமீட்டர் என்ற கணக்கில் வரும். அதற்கு மேல் மணிக்கும் கிலோமீட்டருக்கும் கூடுதல். வண்டி நிறுத்தும் ஷெட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து கணக்கு தொடங்குகிறதா, நீங்கள் ஏறியதிலிருந்தா என்பதைக் கேளுங்கள். பார்க்கிங், ஓட்டுநர் பேட்டா, இரவுக் கட்டணம், ஆக்ரா என்றால் உத்தரப் பிரதேச வரியும் சுங்கமும், இவையெல்லாம் சேர்த்தா சேர்க்காமலா? குறைந்த விலை சொன்ன ஏஜென்ட் ஒருவர் கடைசி நாளில் நீட்டிய பில்லில் இவை எல்லாமே தனித்தனியாக இருந்தன.

குளிர்காலத்தில் காற்று மாசு கூடினால் பழைய டீசல் வண்டிகளுக்குத் தடை போடுவார்கள். சிஎன்ஜி எரிவாயு வண்டி அல்லது பிஎஸ்-6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டுத் தரத்து வண்டிதான் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

செங்கோட்டை நாளில் வண்டியே வேண்டாம். லால் கிலா மெட்ரோவில் இறங்கினால் கோட்டை எதிரே. சாந்தினி சௌக்கின் பிரதான சாலையில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, எப்படியும் நடக்கத்தான் வேண்டும். முடியாதவர்களுக்கு ரிக்‌ஷா உண்டு. மெட்ரோவில் ஒருவருக்கு ஒரு டிக்கெட், கட்டணம் 11 முதல் 64 ரூபாய் வரை. பைகளைச் சோதனைக்கு வைக்கும் இடத்தில்தான் குழு சிதறும். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று இருவரை நியமியுங்கள். கடைசி ஆள் ஏறாமல் முன் ஆள் நகரக் கூடாது.

9. நாள் வரிசை

செவ்வாய்: குளியல், சாப்பாடு, ஓய்வு. மாலையில் போர் நினைவகமும் இந்தியா கேட்டும் மட்டும்.

புதன்: காலையில் குடியரசுத் தலைவர் மாளிகை, மதியம் தேசிய அருங்காட்சியகம். இரவு பங்களா சாஹிப் குருத்வாரா. தலையை மூட ஒரு துணி எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லாருக்கும் இலவசமாக உணவு பரிமாறுகிறார்கள்.

வியாழன்: செங்கோட்டை, சாந்தினி சௌக், ஜமா மசூதி, ராஜ்காட். ஜமா மசூதியை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளாதீர்கள், தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விட மாட்டார்கள்.

வெள்ளி: காலையில் குதுப் மினார், திரும்பும் வழியில் ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர். நம் முருகன் கோயில் அது, தமிழ்க் குரல் கேட்டு வயதானவர்கள் உற்சாகமாகிவிடுவார்கள். மாலை ஹுமாயூன் கல்லறை.

சனி: காந்தி ஸ்மிருதி அல்லது கடைவீதி. அக்ஷர்தாம் வேண்டுமென்றால் காலையிலேயே போய் மூன்று மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

10. வாசலில் நிற்கும் ஆட்கள்

புது டெல்லி நிலையத்தில் ஒருவர் வந்து உங்கள் டிக்கெட் ரத்தாகிவிட்டது, எதிரே அரசு சுற்றுலா அலுவலகம் இருக்கிறது, வாருங்கள் என்பார். நம்பாதீர்கள். டிக்கெட்டின் நிலையை உங்கள் கைபேசியிலேயே பாருங்கள்.

ஓட்டுநர் அரசு எம்போரியம், அதாவது அரசு கைவினைக் கடை, என்று சொல்லி நிறுத்தும் கடையில் அவருக்குக் கமிஷன். ஒரு கடையில் குழு இறங்கினால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். திட்டத்தில் இல்லாத இடத்தில் வண்டி நிற்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வழிகாட்டி வேண்டுமென்றால் சுற்றுலா அமைச்சகத்தின் அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிறதா என்று பார்த்து, மொத்தக் குழுவுக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று பேசிய பிறகே உள்ளே நுழையுங்கள். தமிழ் பேசுபவர் வேண்டுமென்றால் ஊரிலிருந்தே ஏற்பாடு செய்துகொண்டு போங்கள், வாசலில் கிடைக்க மாட்டார்.

சனிக்கிழமை மாலை நிலையத்துக்குக் கிளம்பும் முன் வண்டிக் கணக்கை ஹோட்டல் வரவேற்பறையிலேயே முடித்துவிடுங்கள். பிளாட்பாரத்துக்கு வெளியே மூட்டைகளோடு நின்று பில்லைச் சரிபார்க்க நேரம் இருக்காது.